எத்தனை சென்டிமீட்டர்? டாவோஸ் பனி நாட்குறிப்பு

சனி, இரவு

ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் ஊருக்குள் பனி கணுக்கால் அளவுதான். நடைபாதை ஓரமாகத் தள்ளிக் குவித்ததும் பழுப்பேறிக் கிடக்கிறது. பிப்ரவரிக்கு இது ரொம்பக் குறைவு என்று சாவி கொடுத்த விடுதிக்கார அம்மாள் வருத்தப்பட்டுச் சொன்னார்.

எனக்கு இது ரயிலிலேயே தெரிந்துவிட்டது. சூரிச்சிலிருந்து வரும் வண்டியை விட்டு லாண்ட்குவார்ட்டில் இறங்கி, ரேஷியன் ரயில்வேயின் சிவப்பு மீட்டர்கேஜ் வண்டிக்கு மாற வேண்டும். லாண்ட்குவார்ட் கடல் மட்டத்திலிருந்து 523 மீட்டர், டாவோஸ் 1,560 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான அந்தப் பயணத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் பனி நிலவரத்துக்கு வேறு எதையும் பார்க்க வேண்டாம். க்யூப்லிஸ் வரை பச்சைப் புல். க்ளோஸ்டர்ஸில் நிழல் விழும் பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை. அதைத் தாண்டிச் சுரங்கமும் வளைவுமாக ஏறி லாரெட் வந்த பிறகுதான் கூரைகளில் பனி.

பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை சென்டிமீட்டர்? லிஃப்ட் கம்பெனிகளும் அதற்குத் தகுந்தபடி கீழே இவ்வளவு, மேலே இவ்வளவு என்று இரண்டே எண்களைப் போட்டுவிடுகின்றன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாளைக்குச் சறுக்க நன்றாக இருக்குமா என்று சொல்ல முடியாது. எந்த உயரம் வரை மழை, எங்கிருந்து பனி? காற்று எந்தப் பக்கமிருந்து? புதுப் பனி எதன்மேல் விழப்போகிறது? இந்த மூன்றும் தெரிந்தால் சென்டிமீட்டர் கணக்கு பெரிய விஷயமே இல்லை. இந்த வாரம் அதைத்தான் தினமும் எழுதப்போகிறேன்.

இப்போதைய முன்னறிவிப்பு: நாளை வெயில், மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று. திங்கள் முழுக்க ஃபான் என்ற உலர்ந்த வெப்பக்காற்று. செவ்வாய் இரவுக்குள் வடமேற்கிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, கூடவே நல்ல பனி. "நல்ல" என்றால் எவ்வளவு என்பதில்தான் வானிலைக் கணினி மாடல்கள் ஒத்துப்போகவில்லை. சுவிஸ் வானிலைத் துறை நிலப்பரப்பை 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒன்று, 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒன்று என இரண்டு மாடல்கள் ஓட்டுகிறது. இரண்டுமே தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல தடவை கணக்குப் போடுபவை. நுண்ணியது ஒன்றரை நாள் வரைதான் போகும், மற்றது 5 நாள். செவ்வாய் இன்னும் நுண்ணியதன் எல்லைக்குள் வரவில்லை. அதுவரை யார் எத்தனை சென்டிமீட்டர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஞாயிறு, மாலை

யாகோப்ஸ்ஹார்ன் மலை. உச்சி 2,590 மீட்டர். காலை 9 மணிக்குப் பாதை கல்லாக இருந்தது. இரவெல்லாம் வண்டி ஓட்டி வரிவரியாகச் சீவி வைத்திருந்தாலும் அடியில் இருப்பது பழைய பனி. பகலில் கொஞ்சம் உருகி இரவில் உறைவது என்று பல நாளாக நடந்து இறுகிப்போனது. ஸ்கீயின் ஓரம் கூர்மையாக இல்லையென்றால் திருப்பத்தில் கால் ஓடிவிடும். வாடகைக் கடையில் ஸ்கீ எடுக்கிறவர்கள் ஓரத்தின் மேல் நகத்தை வைத்துச் சுரண்டிப் பாருங்கள். நகம் சீவப்பட்டால் சரி, இல்லையென்றால் தயங்காமல் வேறு கேளுங்கள்.

கீழ்ப் பகுதியில் இருப்பதில் பாதிக்கு மேல் இயந்திரப் பனி. பாதையோரம் நிற்கும் பீரங்கிகள் தண்ணீரைப் பொடித்துளிகளாகச் சிதறடிக்கின்றன, துளி தரைக்கு வருவதற்குள் உறைந்துவிட வேண்டும். இதற்கு வெப்பமானி காட்டும் அளவு மட்டும் போதாது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். உலர்ந்த காற்றில் துளியின் ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தைக் குளிர்விக்கும், அதனால் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்திலும் பனி கிடைக்கும். ஈரக்காற்று என்றால் மைனஸ் 3 டிகிரியாவது வேண்டும். அப்படிச் செய்த பனி இறகு போன்ற படிகம் அல்ல, உருண்டைக் குறுமணி. அடர்த்தி அதிகம், எளிதில் உருகாது. சறுக்கும்போது காலுக்குச் சுகமில்லை, ஆனால் இது இல்லாவிட்டால் இன்று ஊர்வரை இறங்கியிருக்க முடியாது.

இந்த ஊர் இன்னொரு வேலையும் செய்கிறது. குளிர்காலம் முடியும்போது பனியை ஃப்ளூவெலா பள்ளத்தாக்கில் குவித்து, மேலே மரத்தூளைக் கனமாகப் போர்த்திக் கோடை முழுவதும் காப்பாற்றுகிறார்கள். அக்டோபர் கடைசியில் அதைப் பிரித்துச் சமதளப் பனிநடை வீரர்கள் பழகுவதற்குப் பாதை போடுகிறார்கள். ஊறுகாய் போட்டு வைக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மலையடிவாரத்தில் போல்கன் சரிவு. இப்போது குழந்தைகளும் புதிதாகப் பழகுகிறவர்களும் தட்டுத்தடுமாறும் இடம். எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் 1934 டிசம்பரில் தன் இழுவை லிஃப்ட்டை இங்கேதான் ஓடவிட்டார். மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் கட்டையைப் பின்பக்கம் கொடுத்துக்கொண்டு, ஸ்கீயைக் கழற்றாமலே மேலே போகலாம். இன்று உலகம் முழுவதும் இருக்கும் டி-பார் லிஃப்ட்டுகள் எல்லாம் அதன் வாரிசுகள். அதற்கு முன் ஒருமுறை இறங்க வேண்டுமானால் ஒருமுறை நடந்து ஏற வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சந்தோஷம். விடுதிச் சமையலறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் சுவிஸுக்கு வந்தவர். நான் போனில் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டு வெளியே வந்தார்.

"தம்பி, நாளைக்கு எங்க போறீங்கள்?"

"மறுபடியும் யாகோப்ஸ்ஹார்ன் தான் அண்ணா."

"மேல ஓடாது. காத்தைப் பாருங்கோ, முகட்டில பனி புகையுது. உதைப் பாத்தா நான் சூப்பைக் கூடவா வைப்பன். சனம் மத்தியானமே இறங்கி வந்திடும்."

நீங்கள் சறுக்குவீர்களா என்று கேட்டேன். "எனக்கு முழங்கால் வேணும்" என்று சிரித்துக்கொண்டே பார்லி சூப்பை ஊற்றினார்.

திங்கள்

அண்ணா சொன்னது போலவே உச்சி லிஃப்ட்டுகள் மூடல். ஃபான்.

பள்ளிப் புவியியலில் தலக்காற்றுகள் பட்டியல் மனப்பாடம் செய்திருப்போம்: சினூக், லூ, மிஸ்ட்ரல், ஃபான். பரீட்சையோடு மறந்துபோன அந்தப் பெயர் இங்கே சன்னலைத் தட்டுகிறது. ஈரக்காற்று ஆல்ப்ஸின் தெற்குச் சரிவில் ஏறும்போது மழையையும் பனியையும் இத்தாலிப் பக்கமே கொட்டிவிடுகிறது. நீராவி துளியாகும்போது வெளிவரும் வெப்பத்தால் ஏறும்போது அதிகம் குளிர்வதில்லை, ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி சொச்சம். வடக்கே இறங்கும்போது உலர்ந்த காற்று, ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். அந்த வித்தியாசம்தான் இன்று காலையில் என் முகத்தில் அடித்த வெப்பம். முகட்டில் இருந்த கொஞ்சநஞ்சப் பனியையும் வாரிக்கொண்டு போய் மறுபக்கக் குழிகளில் கொட்டுகிறது. வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே சில சரிவுகளில் பனி கூடுவது இப்படித்தான். பனிச்சரிவுக்கு மிகவும் ஏற்ற பனியும் இதுவே.

சறுக்கல் இல்லாததால் பேருந்து பிடித்து ஃப்ராவன்கிர்ஷ் போனேன். ஊரின் தென்மேற்கே இருக்கும் சின்னஞ்சிறு தேவாலயம். முன்னாலிருந்து பார்த்தால் எல்லா ஊரிலும் இருப்பது போலத்தான். மலைப் பக்கமாகச் சுற்றி வந்தால் சுவர் கப்பலின் முன்முனை போலக் கூராகச் சேர்கிறது. பனிச்சரிவு வந்தால் அந்த முனையில் மோதி இரண்டாகப் பிரிந்து கட்டடத்தின் இருபுறமும் ஓடிவிட வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முன்பு ஒருமுறை பனிச்சரிவில் அடிபட்ட கோயில் இது. கடவுளை நம்பியவர்கள்தான், ஆனாலும் கொத்தனாரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டடம்.

திரும்பி டாவோஸ் டோர்ஃப் வந்தால் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் கட்டடம். எல்லோரும் எஸ்.எல்.எஃப். என்றே சொல்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து முழுமைக்கும் பனிச்சரிவு அறிக்கை இங்கிருந்துதான் போகிறது. 1936-இல் வைஸ்ஃப்ளூயோக் மலையில் ஒரு குடிலில் தொடங்கிய வேலை. அங்கே 2,540 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவைத் திடலில் அன்று முதல் பனியை அளந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த உயரத்தில் இவ்வளவு நீண்ட தொடர் பதிவுகள் உலகில் மிகச் சிலவே. அங்கே பனி உச்சம் தொடுவது ஏப்ரல் வாக்கில், ஊரில் பூ பூக்கத் தொடங்கும்போது.

1950–51 குளிர்காலம் இந்த நாட்டை உலுக்கிவிட்டது. பனிச்சரிவுகளில் 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலைகளில் இரும்பு வேலிகள் பெருகின. டாவோஸில் தலையை உயர்த்தினால் ஷியாஹார்ன் சரிவில் வரிவரியாகத் தெரிபவை அவையே. பனி நழுவத் தொடங்கும் இடத்திலேயே பிடித்து நிறுத்துவதுதான் அவற்றின் வேலை. 1999 பிப்ரவரியில் மறுபடியும் வாரக்கணக்கில் கொட்டியது. சுவிஸ் எவோலேனில் 12 பேர், எல்லைக்கு அப்பால் ஆஸ்திரிய கால்டூரில் 31 பேர். கால்டூரில் பனி வந்து விழுந்தது பாதுகாப்பானது என்று நினைத்திருந்த ஊர் நடுவே.

அறிக்கை குளிர்காலத்தில் தினம் இரண்டு முறை, மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும். ஒன்று முதல் ஐந்து வரை அபாய நிலை. எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல், புதுப் பனியா, காற்று கொட்டியதா, பழைய அடுக்கா, ஈரமா என்றெல்லாம் படத்தோடு போடுகிறார்கள். பெரும்பாலோர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இன்றைய எண் 2. ஆனால் உள்ளே ஒரு வரி: வடக்கு பார்த்த சரிவுகளில் பழைய பனியின் அடிப்பகுதி பலவீனம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய், இரவு 11

மதியம் 3 மணிக்கு மழை. ஆமாம், டாவோஸில் பிப்ரவரியில் மழை. விடுதியின் முன்கூடத்தில் எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நாளையே கிளம்பிவிடலாமா என்று தங்களுக்குள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது.

மழை பெய்தால் எனக்குக் கவலை இல்லை, தூறினால்தான் கவலை. மேகத்திலிருந்து கிளம்புவது எப்படியும் பனிதான். வழியில் பூஜ்ய டிகிரி மட்டத்தைத் தாண்டி இருநூறு, முந்நூறு மீட்டர் இறங்குவதற்குள் உருகி மழையாகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்து எடுக்கிறது. தூறலாக இருந்தால் எடுப்பது கொஞ்சம். கொட்டினால் காற்று மளமளவென்று குளிர்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். டாவோஸ் மாதிரி மலைகள் அடைத்த பள்ளத்தாக்கில் வெளியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து கலக்கவும் வழி கம்மி. ஆகவே பனிக்கோடு, அதாவது மழை பனியாக மாறும் உயரம், சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் சரியும். நிறைய ஆப்கள் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை.

5 மணிக்கு மழையில் வெள்ளைச் செதில்கள் கலந்தன. 6 மணிக்கு முழுக்கப் பனி, கோலிக்குண்டு அளவு ஈரச் செதில்கள். 9 மணிக்குச் செதில் சிறியதானது, காற்று வடமேற்குக்குத் திரும்பியது. வடகிழக்குப் பருவமழைக்காகச் செயற்கைக்கோள் படத்தை மணிக்கொரு தரம் பார்த்தே வளர்ந்தவன் நான், இன்று தூக்கம் வராது. ஜெர்மன் குடும்பத்தின் பிள்ளைகள் வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

புதன்

பனி, பனி, பனி. அபாய நிலை 4. மேலே எல்லாம் மூடல், கீழே சில குட்டி லிஃப்ட்டுகள் மட்டும்.

பொதுவாக 1 மில்லிமீட்டர் தண்ணீருக்கு 1 சென்டிமீட்டர் பனி என்று கணக்கு. குளிரும் அமைதியும் சேர்ந்தால் அதைவிடப் பொலபொலவென்று உயரும். காற்று அடித்தால் படிகங்களின் கைகள் ஒடிந்து நெருக்கமாக அடங்கிவிடும். அதனால் "60 சென்டிமீட்டர்" என்று படித்துவிட்டு வந்தவர் 35-ஐப் பார்த்து முன்னறிவிப்பைத் திட்டுவார். பெய்த தண்ணீர் என்னவோ சொன்ன அளவுதான்.

மதியம் ரினர்ஹார்ன் மலைக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே மரங்களுக்கு இடையே பாதைகள் உண்டு. பனி பெய்யும்போது மரம் முக்கியம். திறந்தவெளியில் வானமும் தரையும் ஒரே வெள்ளை, நிழலே விழாது, மேடா பள்ளமா என்று காலில் இடித்த பிறகுதான் தெரியும். ஆனால் அங்கும் திறந்திருந்தது அடிவாரம் மட்டுமே. திரும்பி வந்து ரொஷ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுத் தூங்கினேன்.

வியாழன்

காலை 6 மணிக்கு மலையிலிருந்து வெடிச்சத்தம். ரோந்துப் பணியாளர்கள் பாதைகளுக்கு மேலே தங்கிய பனியை வெடி வைத்து இறக்குகிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊரே சந்தோஷப்படுகிறது. வானம் கழுவிவிட்ட நீலம், மைனஸ் 14 டிகிரி.

பார்சென் மலை ரயிலுக்கு முதல் வண்டியிலேயே வரிசை. 1930-களிலிருந்து ஓடும் இந்த மலை ரயில் டாவோஸ் டோர்ஃபிலிருந்து இரண்டு கட்டமாக 2,662 மீட்டரில் இருக்கும் வைஸ்ஃப்ளூயோக் நிலையத்துக்கு ஏறுகிறது. முதலில் பாதி வழிவரைதான் விட்டார்கள், மேலே திறக்கப் பத்தரை ஆயிற்று. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருந்தது.

பாதையில் சறுக்கியது பற்றி என்ன சொல்ல. ஞாயிறன்று யாகோப்ஸ்ஹார்னில் கிரீச்சிட்ட ஸ்கீ இன்று இங்கே சத்தமே போடவில்லை. ஸ்கீ திரும்பும்போது அடியில் ஏதோ தாங்கிக்கொள்கிறது. இயந்திரம் சீவிய பகுதியின் ஓரத்தில் ஒரு முழங்கால் ஆழத்துக்குச் சீவாத பனி. அதில் இறங்கினால் வேகம் தானாகக் குறைந்து, முன்முனை மேலெழும்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முகத்தில் பனித்தூள். தொடை எரிய எரிய இறங்கினேன். மறுபடி, மறுபடி.

பாதைக்கு வெளியே தொடப்படாத வெள்ளைச் சரிவுகள். கூப்பிடத்தான் செய்கின்றன. காலை அறிக்கையில் நிலை 4 இறங்கி 3 ஆகிவிட்டது. "குறைந்துவிட்டது" என்று பக்கத்தில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். அங்கேதான் சிக்கல். ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிலை 3 நாட்களில்தான் இறக்கிறார்கள். நாலில் வெளியே போகிறவர்கள் குறைவு, மூன்றில் வெயிலும் புதுப் பனியும் இருக்கும். மாட்டிக்கொள்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பனிச்சரிவைத் தாங்களே, அல்லது உடன் வந்தவர்களே கிளப்பிவிட்டவர்கள். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைவாக வந்தாலும் இதற்குள் வருவது கஷ்டம். கூட இருப்பவரிடம் சிக்னல் கருவியும் நீளக்கம்பியும் மண்வாரியும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

மதியம் பாதையை ஒட்டி ஒரு மலைவழிகாட்டி தன் குழுவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். வடக்கு பார்த்த சின்ன மேட்டில் தரைவரை வெட்டி, சுவரை அகலக் கட்டையாகச் செதுக்கியிருந்தார். மேலே புதுப் பனி, அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகை, செவ்வாய் மழையின் மெல்லிய பனிக்கட்டி ஓடு, அதற்கும் கீழே சாம்பல் நிறமாக ஒன்று. அதைக் கையில் அள்ளச் சொன்னார். ஒட்டவே இல்லை, விரல் இடுக்கில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. டிசம்பரின் மெல்லிய பனி. நீண்ட குளிரில், தரையின் வெப்பத்துக்கும் மேலே உள்ள குளிருக்கும் நடுவே மாட்டி, படிகங்கள் உருமாறி, ரவை போலப் பிடிப்பே இல்லாத மணிகளாகிவிட்டன. திங்கள் அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரி இதுதான்.

பிறகு மண்வாரியைக் கட்டையின் ஒரு ஓரத்தில் வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து தட்டும்போது நாலாவதிலோ ஐந்தாவதிலோ "தொப்" என்று முழுக் கட்டையும் ஒரே துண்டாக அவர் காலடியில் வழுக்கி வந்து விழுந்தது. தட்டியது ஓரத்தில், விரிசல் ஓடியது முழு அகலத்துக்கும். குழுவில் யாரும் பேசவில்லை. வழிகாட்டி மண்வாரியை மடித்துவிட்டு, "இன்று முப்பது டிகிரிக்குக் கீழே உள்ள சரிவு மட்டும்" என்று சொல்லி அவர்களைத் தட்டையான பக்கமாக அழைத்துப் போனார்.

எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பவர்களுக்கு அந்தக் குழியைக் காட்ட வேண்டும். மேலே பெய்ததைவிடக் கீழே ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதுதான் பனிச்சரிவை இறக்குகிறது.

வெள்ளி

கடைசி நாளுக்கு வைத்திருந்தது க்யூப்லிஸ் இறக்கம். வைஸ்ஃப்ளூ உச்சி 2,844 மீட்டர், க்யூப்லிஸ் 800 சொச்சம். 12 கிலோமீட்டர் நீளம், 2,000 மீட்டருக்கு மேல் இறக்கம். காலையில் லிஃப்ட் நிலையப் பலகையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். கீழ்ப்பாதி திறப்பது பனிக்கோடு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்த வாரத்து வானிலை முழுவதும் அந்த ஒரே இறக்கத்தில் அடுக்கி வைத்தது போலிருந்தது. உச்சியில் காற்று செதுக்கிய அலைகள், ஸ்கீ தடதடத்தது. 2,400-க்குக் கீழே நேற்றைய சுகமான தூள். 1,900 வாக்கில் வெயில் பட்ட பக்கங்களில் மேலே ஒரு மெல்லிய ஓடு, காலை அழுத்தினால் உடைகிறது. காட்டுக்குள் நுழைந்ததும் நிழல், மறுபடி தூள். 1,400-க்குக் கீழே செவ்வாய்க்கிழமை மழை நெடுநேரம் பெய்த இடம் தெளிவாகத் தெரிந்தது. புதுப் பனிக்கு அடியில் பனிக்கட்டி, அதற்கும் கீழே ஈரம். அடுத்து மரவீடுகள், மாட்டுத்தொழுவ வாசனை. கடைசியில் பனி ஒரு பட்டையாகக் குறுகி, அதன் இருபுறமும் பழுப்புப் புல்.

1970 முதல் 2015 வரையான பதிவுகளை எடுத்துச் சுவிஸ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1,100 மீட்டரிலிருந்து வைஸ்ஃப்ளூயோக் உயரம் வரையான நிலையங்களில் பனி படியத் தொடங்குவது சுமார் 12 நாள் தள்ளிப்போய், கரைந்து முடிவது சுமார் 25 நாள் முன்னே வந்திருக்கிறது. இலையுதிர் காலத்தைவிட வசந்தகாலத்தில்தான் இழப்பு அதிகம். க்யூப்லிஸ்வரை சறுக்கிப் போக நினைப்பவர்கள் மார்ச்சுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்குச் சற்று முன்னால் பனி முடிந்தது. ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டு, அந்தக் கனத்த பூட்ஸோடு தார்ச்சாலையில் டக் டக்கென்று நடந்து ரயில் நிலையம் சேர்ந்தேன். என்னைப் போலவே இன்னும் ஏழெட்டுப் பேர் நடைமேடையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே போகும் வண்டியில் ஏறினால் டாவோஸுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஞாயிறு மறுபடி ஃபான் என்று முன்னறிவிப்பு. இந்த வார இறுதிக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே மேலே போய்விடுங்கள், முடிந்தவரை நிழல் பக்கப் பாதைகளாகப் பாருங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். அந்த ரவை இன்னும் அடியில் அப்படியேதான் கிடக்கிறது.